அலுமினியப் பொருள்களில் வாயுப் பற்றவைப்பு

(திருமழபாடியில் பண்ணைக் கருவிகள் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்திருந்த உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விதை நேர்த்தி, களைக் கட்டுப்பாடு, உர நிர்வாகம் என்று பேசிப் பழகிய உழவியல்காரன், இன்று உங்கள் முன் நின்று அலுமினியத்தைப் பற்றவைப்பது பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பட்டறைக்காரன் அல்லன். இந்தத் தொழிலைத் தேடிச் சென்று கற்றுக்கொள்ளும்படி என்னைச் செய்தது ஒரு பால் கேன். அந்தக் கதையை முதலில் கூறிவிட்டுப் பின்னர் முறைகளுக்கு வருகிறேன்.

பால் கேன் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்றில் எனக்குப் பழக்கமான உழவர் ஒருவரின் வீட்டுப் பால், புளித்துவிட்டதாகச் சங்கத்திலிருந்து தொடர்ந்து மூன்று நாட்கள் திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு கறவை மாடுகளின் பால்தான் அந்தக் குடும்பத்தின் அன்றாடச் செலவைத் தாங்கி வந்தது. “தீவனத்தில் ஏதும் கோளாறா என்று பார்த்துச் சொல்லுங்கள் சார்” என்று அவர் என்னை அழைத்தார். பசுந்தீவனத்தைப் பார்த்தேன். அடர்தீவனத்தைப் பார்த்தேன். மடிநோய் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். எதிலும் குறையில்லை.

அப்போது அந்த வீட்டு அம்மா, கழுவிக் கவிழ்த்திருந்த கேனை நிமிர்த்தி, அதன் அடி ஓரத்தில் விரலை ஓட்டி என்னிடம் காட்டினார். விரலில் மாவு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. “இது போன மாதம் வெல்டிங் வைத்த இடம் சார். தினமும் தேய்க்கிறேன், தினமும் பூக்கிறது” என்றார். உவர் நிலத்தில் உப்புப் பூப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவன் நான். கேனில் பூத்ததைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்குத் தோன்றியது.

கேனைப் பற்றவைத்தவர் கைத்திறன் உள்ளவர்தாம். பற்றவைத்த கோடு ஒரே சீராக, பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் வேலை முடிந்த பின்னர் அவர் பிளக்ஸ் பொடியின் எச்சத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவவில்லை. அந்த உப்பு ஈரத்தை இழுத்து, அலுமினியத்தை அரித்து, ஊசி முனை அளவுக் குழிகளை உண்டாக்கிவிட்டது. குழிக்குள் தங்கிய பால் எவ்வளவு கழுவியும் போகவில்லை. மறுநாள் ஊற்றும் பாலுக்கு அதுவே உறை மோராயிற்று. கால் மணி நேரக் கழுவலைத் தவறவிட்டதால் ஒரு குடும்பம் மூன்று நாள் வருமானத்தையும் ஒரு கேனையும் இழந்தது.

எனவே இன்று நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: அலுமினிய வேலை இரும்பு வேலை போன்றதன்று. இரும்பு தன் சூட்டை நிறத்தால் காட்டும்; அலுமினியம் காட்டாது. இரும்பில் நெருப்பை அணைத்தால் வேலை முடியும். அலுமினியத்தில் கழுவி முடித்தால்தான் முடியும்.

நம்மிடையே அலுமினியம்

பால் கேன், அண்டா, இட்லிப் பானை ஆகியவை மட்டுமே அலுமினியம் என்று எண்ண வேண்டாம். களையெடுக்கும் பவர் வீடரின் எஞ்சின் உறை, பவர் டில்லரின் பல பாகங்கள், தூக்கிச் செல்லும் சிறிய பம்பு செட்டின் உடல், விசைத் தெளிப்பானின் பம்பு, ஏணி என்று பண்ணையில் இது பரவியுள்ளது. எடை குறைவு, துருப்பிடிக்காது என்பவையே காரணம்.

இந்த உலோகம் நமக்கு அந்நியமானதும் அன்று. நம் வயலுக்குக் காவிரி நீர் திறந்துவிடப்படும் மேட்டூரிலேயே, 1965 முதல் 2008 வரை மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அலுமினியத்தை உருக்கி எடுத்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டு தாது அதற்கு மூலப்பொருளாக இருந்தது. பற்றவைப்புத் தொழிலுக்கும் நம் அருகிலேயே ஒரு பெரிய நிலையம் உண்டு. திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-இல் அங்கே தொடங்கப்பட்டது.

அலுமினியத்தின் நான்கு குணங்கள்

பயிரின் குணம் அறிந்து பண்டுவம் செய்வது போல, உலோகத்தின் குணம் அறிந்தே நெருப்புக் காட்ட வேண்டும்.

முதலாவது, மேல் தோல். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. துருவிலிருந்து அதனைக் காப்பது இப்படலமே. ஆனால் அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும்போது, இந்தப் படலம் உருக ஏறத்தாழ 2,050 டிகிரி வேண்டும். உள்ளே உலோகம் நீராகிவிட்டாலும் மேலே தோல் கிழியாமல் நிற்கும். பாலின் மேல் ஏடு நிற்பது போன்றது அது. இரு பக்கத்து உலோகமும் உருகியும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதற்கு இந்த ஏடே காரணம்.

இரண்டாவது, நிறம் மாறாமை. இரும்பு முதலில் கருஞ்சிவப்பாகி, பிறகு செந்நிறமாகி, மஞ்சளாகி உருகும். அலுமினியம் பட்டறை வெளிச்சத்தில் எந்த நிறமும் காட்டாமல், வெள்ளையாக இருந்தபடியே திடீரென்று இடிந்து விழும். பவர் வீடரின் உடைந்த காதைப் பற்றவைக்க முயன்ற ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: “சிவக்கட்டும் என்று காத்திருந்தேன் சார். சிவக்கவே இல்லை. காது மொத்தமும் சொட்டென்று கீழே விழுந்துவிட்டது.” அவர் காத்திருந்த அடையாளம் அலுமினியத்தில் வராது.

மூன்றாவது, வெப்பத்தைக் கடத்துதல். தூய அலுமினியம் சாதாரண இரும்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஓர் இடத்தில் காட்டிய சூடு பொருள் முழுவதும் ஓடிவிடும். ஆகவே தொடக்கத்தில் சூடேற நேரமாகும். சூடேறிய பின் உருகுவது மிக விரைவாகும்.

நான்காவது, விரிவும் சுருக்கமும். சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும்; ஆறும்போது அதே அளவு சுருங்கும். தகடு கோணிக்கொள்வதும் வார்ப்பு விரிசல் விடுவதும் இதனால்தான்.

முதலில் உலோகத்தை அடையாளம் காண்க

வெள்ளையாக, எடை குறைவாக இருப்பதெல்லாம் அலுமினியம் அன்று. காந்தம் ஒட்டினால் அது இரும்பு. காந்தம் ஒட்டாமல் கையில் கனமாக இருந்தால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். கார்புரேட்டர்கள் பல இவ்வகையே. இது அலுமினியத்தைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். இங்கே கூறும் முறைக்கு ஏற்றதன்று.

அலுமினியத்தைவிடவும் எடை குறைவாக இருந்தால் அது மக்னீசியமாக இருக்கக்கூடும். மரம் அறுக்கும் சங்கிலி வாள் போன்ற சில கருவிகளின் உறைகள் இவ்வுலோகத்தால் ஆனவை. இதன் தூள் தீப்பற்றினால் கண் கூசும் வெள்ளொளியுடன் எரியும். தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூர்க்கமாகும். ஐயம் ஏற்பட்டால் அரத்தால் சிறிது தூள் எடுத்து, நெருப்புக்கு அப்பால் வைத்து, அதன் மேல் காடி எனப்படும் வினிகரைச் சில சொட்டு விடுங்கள். மக்னீசியமாயின் உடனே நுரைத்துப் பொங்கும். அலுமினியமாயின் அவ்வாறு பொங்காது. பொங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அலுமினியத்திலும் வகைகள் உண்டு. பாத்திரத் தகடு, சிலிக்கான் கலந்த வார்ப்பு ஆகியவை வாயுப் பற்றவைப்புக்கு நன்கு ஒத்துவரும். செம்பு அல்லது துத்தநாகம் கலந்து உறுதியூட்டப்பட்ட உயர்ரகக் கலவைகள் இம்முறையில் விரிசல் விடும். அவற்றைத் தொடாதிருப்பதே நல்லது.

முன்னேற்பாடுகள்

நிலத்தைப் பண்படுத்தாமல் விதைக்கக் கூடாது. அலுமினியத்தைச் சுத்தம் செய்யாமல் பற்றவைக்கக் கூடாது.

1. எண்ணெய், கிரீஸ், பால் கறை ஆகியவற்றை முற்றிலும் நீக்கிக் கழுவிக் காய வைக்க வேண்டும். எஞ்சின் உறையில் எண்ணெய் விரிசலுக்குள் ஊறியிருக்கும். அதனைக் கழற்றித் துடைத்தபின் இலேசாகச் சூடு காட்டினால் எண்ணெய் கசிந்து வெளிவரும். அதையும் துடைக்க வேண்டும்.

2. எவர்சில்வர் கம்பித் தூரிகையால் இணைப்பின் இரு பக்கமும் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். இரும்பில் பயன்படுத்திய தூரிகையை இதற்கு எடுக்கக் கூடாது. தேய்த்தவுடன் வேலையைத் தொடங்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் ஏடு மறுபடியும் வளர்ந்துவிடும்.

3. மெல்லிய தகடுகளில், ஏறக்குறைய 1.5 மி.மீ. கனம் வரை, விளிம்புகளைச் சற்று மேல்நோக்கி மடித்துச் சேர்த்தால் மடிப்பே உருகி இணைப்பாகும். கனமான பாகங்களில் விரிசலை ‘வி’ வடிவப் பள்ளமாக அரத்தால் திறந்துகொள்ள வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை இட்டால் அது மேலும் ஓடாது.

4. ஓட்டையின் மேல் ஒரு துண்டுத் தகட்டை வைத்து ஒட்டுப்போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். இரு தகடுகளின் நடுவே புகுந்த பிளக்ஸை எந்த வெந்நீராலும் கழுவி எடுக்க இயலாது. அது உள்ளிருந்தே அரிக்கும். விளிம்போடு விளிம்பு சேர்த்த இணைப்பே அலுமினியத்திற்கு உகந்தது.

பிளக்ஸும் கம்பியும்

மேலே சொன்ன ஆக்சைடு ஏட்டைக் கரைத்து நீக்குவதே பிளக்ஸின் வேலை. இதில் சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவற்றின் குளோரைடு, புளோரைடு உப்புக்கள் உள்ளன. நாம் வயலுக்கு இடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பதும் பொட்டாசியம் குளோரைடுதான். பொட்டாஷ் மூட்டையைத் திறந்து வைத்தால் எப்படிக் கசிந்து கட்டி தட்டுகிறதோ, அவ்வாறே பிளக்ஸ் பொடியும் ஈரம் இழுக்கும். டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும்.

வேண்டிய அளவு பொடியை மட்டும் சுத்தமான நீரில் குழைத்து, அன்றே பயன்படுத்த வேண்டும். குழைக்கக் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் நல்லது. செம்பு, பித்தளை, இரும்புக் கிண்ணம் கூடாது. இணைப்பின் மீதும் நிரப்புக் கம்பியின் மீதும் மெல்லியதாகத் தடவினால் போதும். கூடுதலாகத் தடவினால் கழுவும் வேலைதான் கூடும்.

தூய அலுமினியத் தகட்டிற்குத் தூய அலுமினியக் கம்பியும், வார்ப்புகளுக்கு 5 சதம் சிலிக்கான் கலந்த கம்பியும் பொருந்தும். சிலிக்கான் கம்பி சற்றுக் குறைந்த சூட்டில் உருகி, எளிதாக ஓடி நிரப்பும், விரிசலும் குறையும். பழைய மின்கம்பியை வெட்டி நிரப்புக் கம்பியாக்குவதைத் தவிர்க்க வேண்டும். அதன் கலவை என்னவென்று நமக்குத் தெரியாது.

சுடரும் சூடும்

ஆக்சிஜன்-அசிட்டிலீன் சுடர் 3,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் தரவல்லது. 660 டிகிரியில் உருகும் உலோகத்தின் முன் அதைப் பிடிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆக்சிஜன் மிகுந்த சுடர் ஏட்டை மேலும் தடிப்பாக்கும். எனவே நடுநிலைச் சுடர், அல்லது அசிட்டிலீன் சிறிதே கூடிய மென்மையான சுடர் வேண்டும். வெப்பம் விரைந்து ஓடிவிடுவதால், அதே கனமுள்ள இரும்புக்கு வைப்பதைவிட ஓர் அளவு பெரிய நாசில் தேவைப்படும். ஆனால் சுடர் சீறக் கூடாது. அமைதியாக எரிய வேண்டும்.

நிறம் காட்டாத உலோகத்தின் சூட்டை எவ்வாறு அறிவது? சில அடையாளங்கள் உள்ளன.

ஒன்று, தோசைக் கல் சோதனை. வார்ப்புப் பாகங்களை முதலில் முழுவதும் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பற்றவைக்கும் இடத்திற்குத் தள்ளி ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தோசைக் கல்லில் போல முத்து முத்தாக உருண்டு ஓடினால் ஏறத்தாழ 200 டிகிரி வந்துவிட்டது; முன்சூடு போதும்.

இரண்டு, கரிச் சோதனை. இது தகடுகளுக்கு உகந்தது. பிளக்ஸ் தடவுவதற்கு முன், ஆக்சிஜன் இல்லாமல் அசிட்டிலீனை மட்டும் எரியவிட்டால் புகைக் கரி வரும். அதனை இணைப்பிற்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் படிய விட வேண்டும். பிறகு வழக்கமான சுடரால் சூடேற்றும்போது, அந்தக் கரி மறைந்தால் தகடு நன்கு சூடேறிவிட்டது என்று பொருள். அதற்குப் பின் கண்ணை எடுக்கக் கூடாது.

மூன்று, பிளக்ஸ் காட்டும் அடையாளம். தடவிய பிளக்ஸ் முதலில் காய்ந்து வெள்ளையாகும். பின்பு உருகித் தண்ணீர் போலத் தெளிந்து ஓடும். அப்படி ஓடினால் உலோகமும் உருகும் நிலையை நெருங்கிவிட்டது. அப்போது கம்பி முனையால் இலேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டி இழுத்தால் சூடு போதவில்லை. கலந்து பரவினால் அதுவே தருணம்.

பற்றவைக்கும் முறை

முதலில் ஏறத்தாழ 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி புள்ளியாகப் பிணைத்துக்கொள்ள வேண்டும். சுடரின் உள்கூம்பு உலோகத்தைத் தொடக் கூடாது, சில மி.மீ. தள்ளியே நிற்க வேண்டும். நாசிலைச் சுமார் 30 முதல் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, வலமிருந்து இடமாகச் செல்வது வசதி. கம்பி முன்னே செல்ல, சுடர் பின்னே வர வேண்டும். கம்பியை உருகிய குட்டையில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சுடரில் சொட்டவிடக் கூடாது.

போகப் போகப் பொருள் முழுவதும் சூடேறிவிடுவதால் கையின் வேகத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முடிவுக்கு வரும்போது நாசிலை மேலும் சாய்த்துச் சூட்டைக் குறைக்க வேண்டும். தொடங்கிய வேகத்திலேயே சென்றால் கடைசி இரண்டு அங்குலத்தில் ஓட்டை விழும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தோற்பது அந்த இடத்தில்தான்.

வார்ப்புப் பாகங்களுக்கு அடியில் செங்கல் அல்லது இரும்புத் துண்டு வைத்துத் தாங்கல் கொடுப்பது அவசியம். உருகும் நிலையில் தன் எடையையே அது தாங்காது. வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்றாமல், உலர்ந்த மணலில் மூடி மெதுவாக ஆற விட வேண்டும்.

கழுவுதல்

இப்போது அந்தப் பால் கேனுக்குத் திரும்புவோம். பொருள் ஆறியவுடனே, அதே நாளில், கொதிக்கும் வெந்நீரில் நார்த் தூரிகையால் இணைப்பின் உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். எட்டாத மூலைகள் இருந்தால் பட்டறையில் 10 சத நைட்ரிக் அமிலக் கரைசலில் சிறிது நேரம் வைத்து, மீண்டும் நல்ல நீரில் அலசுவார்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

உப்பு முழுவதும் போயிற்றா என்று அறியவும் வழி உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரால் இணைப்பை அலசி, அந்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டால், குளோரைடு இருந்தால் பால் போல வெளுக்கும். பாசன நீரில் குளோரைடு பார்க்க நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையே இது. கிணற்று நீரில் இயல்பாகவே குளோரைடு இருப்பதால் அதைக் கொண்டு சோதித்தால் ஏமாந்துபோவோம். இந்த வசதி இல்லாதவர்கள் ஒரு வாரம் கழித்துப் பற்றவைத்த கோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெள்ளை பூத்திருந்தால் உடனே மறுபடி கழுவச் சொல்லுங்கள். உவர் நிலத்தை நல்ல நீர் தேக்கி வடிப்பது போலத்தான் இதுவும். அரைகுறையாகக் கழுவினால் மீண்டும் பூக்கும்.

உயிருக்கு ஊறு விளைக்கும் தவறுகள்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பொருள் கெடும். இனிச் சொல்பவற்றில் தவறினால் ஆள் போய்விடும்.

1. பூச்சிமருந்து இருந்த டப்பா, பீப்பாய், தெளிப்பான் தொட்டி ஆகியவற்றைப் பற்றவைக்கவே கூடாது. கழுவினாலும் சுவரில் படிந்த மருந்து சூட்டில் நச்சுப் புகையாக வரும். மருந்து டப்பாவை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் அழிப்பதே முறை.

2. பெட்ரோல், டீசல் தொட்டிகளை ‘காலியாகத்தான் இருக்கிறது’ என்று நெருப்பருகே கொண்டு போகாதீர்கள். திரவத்தைவிடக் காலித் தொட்டியில் நிற்கும் ஆவியே வெடிக்கும். மூடி திறக்காத எந்தக் கலத்தையும் சூடேற்றக் கூடாது.

3. பிளக்ஸின் புளோரைடு புகை மூச்சுக்குக் கெடுதல். காற்றோட்டமான இடத்தில், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று வேலை செய்ய வேண்டும். சோடியத்தின் மஞ்சள் ஒளி குட்டையைக் கண்ணுக்கு மறைக்கும். அதைத் தடுக்கும் தனி வகைக் கண்ணாடி கடைகளில் உண்டு.

4. கறுப்பு வண்ணம் ஆக்சிஜன் உருளை. அரக்குச் சிவப்பு அசிட்டிலீன் உருளை. ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பற்றும். அசிட்டிலீன் உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அதன் வெளியேறும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. அசிட்டிலீனுக்குச் செம்புக் குழாயை இணைத்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், தீக்குச்சியால் பார்க்காதீர்கள். சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் வால்வு இரு குழாய்களிலும் இருக்க வேண்டும்.

5. வைக்கோற் போர், உமி மூட்டை, கரும்புச் சோகை அருகே இந்த வேலை வேண்டாம்.

6. சூடான அலுமினியமும் ஆறிய அலுமினியமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேலை முடிந்த பொருளின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ‘சூடு’ என்று எழுதி வையுங்கள். பட்டறையில் குழந்தைகள் நடமாடினால் இந்த ஒரு சொல் ஒரு கையைக் காப்பாற்றும்.

எதை எங்கே கொடுப்பது?

இன்று நகரப் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்ற முறை பரவிவிட்டது. ஆர்கான் வாயு காற்றை விலக்கி நிற்க, மாறுதிசை மின்சாரமே ஆக்சைடு ஏட்டைக் கிழித்துவிடும். பிளக்ஸ் தேவையில்லை, எனவே அரிக்கும் எச்சமும் இல்லை. பால் கேன் போன்ற உணவுக் கலங்களுக்கும், எஞ்சின் உறை போன்ற விலை மிகுந்த பாகங்களுக்கும் அரியலூருக்கோ தஞ்சைக்கோ திருச்சிக்கோ எடுத்துச் சென்று அதைச் செய்வதே நல்லது. கேனின் அடி பல இடங்களில் அரித்திருந்தால் எந்த முறையும் வேண்டாம். புதுக் கேன் வாங்குவதே சிக்கனம்.

பாத்திர விளிம்பு, ஏணிப் படி, பம்பின் வெளிக் காது, கருவிகளின் மூடி போன்றவற்றிற்கு நம் ஊர்ப் பட்டறையின் காஸ் வெல்டிங் போதுமானது. கரும்புப் பயிருக்கு முதல் மூன்று மாதங்களும், நட்ட நெல்லுக்கு முதல் ஒரு மாதமும் களைக்கு இடம் கொடுக்கக் கூடாத காலம். அந்த நேரத்தில் வீடர் ஒரு வாரம் நின்றால் வரும் நட்டம் வெல்டிங் கூலியைவிடப் பல மடங்கு. ஆகவே இத்தொழிலை முறையாகக் கற்ற ஒரு தம்பி ஊரிலேயே இருப்பது, ஊருக்கே ஒரு சொத்து.

பழுது வராமல் காப்பது அதனினும் மேல். பால் கேனைச் சலவைச் சோடாவாலோ விறகுச் சாம்பலாலோ தேய்க்காதீர்கள். காரம் அலுமினியத்தைத் தின்னும். மயில்துத்தக் கரைசலையும் போர்டோக் கலவையையும் அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். செம்பு அதன் மேல் படிந்து குழி பறிக்கும். பொட்டாஷ் உரத்தை அலுமினியப் பாத்திரத்தில் அள்ளினால் உடனே கழுவிவிடுங்கள்.

முடிவாக

பெரியோர்களே! பட்டறைக்கு அலுமினியப் பொருளைக் கொண்டு போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இது அலுமினியம்தானா என்று பார்த்தீர்களா? ஒட்டுப்போடாமல் விளிம்போடு விளிம்பு சேர்ப்பீர்களா? முடித்தபின் வெந்நீரில் கழுவித் தருவீர்களா? இக்கேள்விகளால் பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கூடுதல் கவனமே எடுப்பார். பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு சொல்: கழுவும் கால் மணி நேரத்திற்கும் சேர்த்தே கூலி கேளுங்கள், ஆனால் கழுவாமல் கொடுக்காதீர்கள்.

அந்த வீட்டு அம்மா இப்போது புதுக் கேனில்தான் பால் ஊற்றுகிறார். பழைய கேன் என் அலுவலக அறையில் இருக்கிறது. அதன் அடியை அறுத்து, அரித்த குழிகள் தெரியும்படி வைத்திருக்கிறேன். இன்று அதனை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். உரை முடிந்ததும் ஒவ்வொருவரும் அருகில் வந்து, அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.